பாலைவன உலகம் ஒன்று கட்டுகிறேன்: மணலைத் தாண்டி என்ன வைக்கலாம்?

பகடைபாலா:

வணக்கம். நண்பர்கள் நாலு பேருக்கு சனிக்கிழமை இரவுகளில் ரோல்பிளேயிங் கேம் (நான் கதை சொல்ல, அவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுகிற விளையாட்டு) நடத்துகிறேன். காடு, மலைக்கோட்டை, துறைமுகம் என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதை இப்போது ஒரு பாலைவனத்துக்குள் நுழைந்திருக்கிறது. நுழைந்ததிலிருந்து ஆட்டத்தில் உயிர் இல்லை.

"சுற்றிலும் மணல், வெயில் கொளுத்துகிறது" என்கிறேன். "சரி, நடக்கிறோம்" என்கிறார்கள். நாளுக்கு ஒரு தடவை டைஸ் உருட்டி தாகத்தைத் தாங்கினார்களா என்று பார்க்கிறோம். அப்புறம் ஒரு ராட்சதத் தேள், அப்புறம் மணலில் புதைந்த ஒரு கோயில். போன வாரம் ஒருவன் கேட்டான்: "நடுப் பாலைவனத்தில் வெண்கோட்டை என்று இவ்வளவு பெரிய நகரம் இருக்கிறதே, இந்த ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? துணி எங்கே துவைக்கிறார்கள்? எதற்காக இங்கே வந்து குடியேறினார்கள்?" நல்ல கேள்விகள். இவற்றுக்கு அந்த உலகத்துக்குள்ளிருந்தே பதில் வர வேண்டும். மந்திரவாதி ஒருவர் தினமும் தண்ணீர் வரவழைக்கிறார் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை.

நகரம் அங்கே இருக்க நியாயமான காரணம் வேண்டும். தண்ணீர்க் கணக்கு வேண்டும், ஆனால் அது கணக்குப் பாடமாக ஆகிவிடக் கூடாது. தேளையும் மணற்புயலையும் விட்டால் பயமுறுத்த வேறென்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபடவிரும்பி:

நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். என்னைக் கேட்டால், அங்கே ஏன் மழை பெய்வதில்லை என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். காரணம் மாறினால் பாலைவனமே மாறிவிடும்.

நிலநடுக்கோட்டில் மேலெழும் காற்று அங்கேயே மழையைக் கொட்டிவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் 30 பாகையை ஒட்டி வறண்ட காற்றாகக் கீழே இறங்குகிறது. சகாராவும் அரேபியாவும் அப்படி உண்டானவை. ஈரக்காற்றை மலை மறித்தாலும் பாலைவனம் வரும். இமயமும் திபெத் பீடபூமியும் மறைப்பதால்தான் தக்லமகானும் கோபியும் அப்படிக் காய்கின்றன. கோபியில் குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் அப்பால் போகும், அங்கே வெயிலைவிடக் குளிர்தான் ஆளைக் கொல்லும். மூன்றாவது வகை, குளிர்ந்த கடல் நீரோட்டத்தை ஒட்டிய கரை: நமீப், அட்டகாமா. மழை இல்லை, ஆனால் மூடுபனி வரும். நமீபில் ஒரு வண்டு மணல்மேட்டு உச்சியில் தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும்; முதுகில் படிகிற பனி வழிந்து வாய்க்கு வரும்.

இன்னொன்று. சுற்றிலும் மணல் என்று ஆரம்பிக்காதீர்கள். சகாராவிலேயே மணற்கடல் ஏறக்குறைய கால் பங்குதான். மீதியெல்லாம் பாறைமேடு, சரளைக்கல் வெளி, உப்புத்தரை, மலை. அங்கே திபெஸ்தி மலைத்தொடரில் 3,400 மீட்டருக்கு மேல் உயரமான எரிமலை ஒன்று நிற்கிறது.

காற்றாலைக்காரர்:

தம்பி பாலா, ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் காற்றாலை வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். இப்போது கயத்தாற்றில். இரண்டு இடத்திலும் ஓய்வு நேரத்தில் பையன்களைச் சேர்த்து ஆட்டம் நடத்தியிருக்கிறேன், அதனால் உன் கேள்வியைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. நீளமாக எழுதுவேன், பொறுமையாகப் படி.

வெண்கோட்டைக்கு மாதிரியாகத் தார் பாலைவனத்தை எடுத்துக்கொள். உலகப் பாலைவனங்களிலேயே ஜனநெருக்கம் அதிகமானது அது. மழை இல்லாத ஊரில் இத்தனை பேர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதற்கான விடையெல்லாம் அங்கே கண்முன் கிடக்கிறது. ஜெய்சல்மேரில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொட்டால் நல்ல வருஷம்.

வரைபடத்தில் கோட்டையையும் கடைவீதியையும் போடுவதற்கு முன்னால் தண்ணீரைப் போடு. எங்கே இருக்கிறது, எந்த வகை, யாருடையது, யாருக்கு இல்லை என்று சொல்லும் உரிமை யாருக்கு. இது முடிவானால் ஜாதி, சண்டை, கல்யாணம், சாமி, வரி எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தார் மக்கள் தண்ணீரை மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். மழையாக விழுந்து குளத்திலோ தொட்டியிலோ நிற்பது பாலர் பானி. ஆழத்தில் கிடக்கும் நிலத்தடி நீர் பாதாள பானி. பல இடங்களில் அது வாயில் வைக்க முடியாத உப்பு. இரண்டுக்கும் நடுவில், மணலுக்குள் வெறும் ஈரமாகத் தங்கியிருப்பது ரேஜானி பானி. உன் ஆட்டத்துக்கு இந்த மூன்றாவதுதான் பொக்கிஷம்.

சில இடங்களில் மணலுக்கு அடியில் தண்ணீரை இறங்கவிடாத ஜிப்சம் என்ற கனிமப் படலம் ஓடுகிறது. பெய்கிற கொஞ்சநஞ்ச மழை மணலில் இறங்கி அந்தப் படலத்தின் மேல் தடைபட்டு நிற்கும். கீழே இருக்கிற உப்புநீரோடு கலக்காது. ஆனால் மொண்டு குடிக்கிற மாதிரி தேங்காது, மணல் துகள்களுக்கிடையே ஈரமாகப் பரவியிருக்கும். அதை எடுக்க, ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து வேலை செய்யும் அகலத்துக்கு மட்டும் ஆழமான துளை ஒன்று தோண்டுகிறார்கள். பேரி என்றும் குயீ என்றும் பெயர். சுவரிலிருந்து ஈரம் கசிந்து கசிந்து அடியில் சேரும். வாய் குறுகலாக இருந்தால்தான் வெயிலுக்கு ஆவியாகாமல் இருக்கும்.

தோண்டுவதற்கென்றே கைதேர்ந்தவர்கள் உண்டு, செஜாரோ என்பார்கள். உள்ளே கடப்பாரை வீச இடம் கிடையாது, குட்டைப் பிடி போட்ட சின்னக் கருவியால் கொத்த வேண்டும். இறங்க இறங்கப் புழுக்கம் மூச்சை அடைக்கும். மேலே நிற்பவர்கள் அவ்வப்போது கைப்பிடி மணலை அள்ளி வேகமாக உள்ளே வீசுவார்கள். மணலோடு புதுக்காற்று கீழே போகும், உள்ளே இருக்கிற சூடான காற்று மேலே வரும். விழுகிற மணலும் கல்லும் மண்டையைப் பிளக்காமலிருக்க, உள்ளே இருப்பவர் தலையில் உலோகப் பாத்திரத்தைக் கவிழ்த்திருப்பார். இப்படி ஒருவரை உன் ஆட்டக்காரர்களில் யாராவது கதாபாத்திரமாக எடுத்துக்கொள்ளட்டும். வாள் வீசத் தெரிந்தவனைவிட அந்த உலகத்தில் இவருக்குத்தான் மரியாதை.

எங்கள் டர்பைன் தளத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு மூதாட்டி பேரியைத் திறந்தபோது அருகில் நின்றிருக்கிறேன். தரையோடு தரையாக ஒரு மரப்பலகை, அதில் இரும்புப் பூட்டு. சாவி ஓட்னியின், அதாவது தலைமுக்காட்டுத் துணியின், முனையில் முடிந்திருந்தது. பலகையைத் தூக்கியதும் ஈரமண் வாசனை முகத்தில் அடித்தது. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கிடைக்காத வாசனை அது. வாளியை இறக்கினார், கயிறு போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரில் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், மணலில் உரசும் சத்தம்தான் கேட்டது. வாளியைச் சாய்த்துச் சாய்த்து, அடியில் கிடந்ததை வழித்து மேலே இழுத்தார். துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றினார். மூன்றாவது குடம் பாதி வந்ததும் நிறுத்திவிட்டுப் பூட்டைப் போட்டார். இனி விடியும்வரை ஊறட்டும் என்றார்.

இதில் உனக்கு வேண்டிய அரசியல் இங்கே இருக்கிறது: பேரி ஒரு குடும்பத்துடையது, ஆனால் அது இருக்கிற நிலம் ஊருக்குப் பொது. புதிதாக ஒன்று தோண்ட ஊர் சம்மதிக்க வேண்டும். ஏனென்றால் புதுத் துளை போட்டால் புதுத் தண்ணீர் வராது, இருக்கிற ஈரமே இன்னொரு பங்காகப் பிரியும். வெண்கோட்டைக்குள் அகதிகளாக ஒரு குடும்பம் வந்து, எங்களுக்கும் ஒரு பேரி வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் நிற்கட்டும். உன் ஆட்டக்காரர்களை அந்தக் கூட்டத்தில் உட்காரவை. ஒரு டைஸ்கூட உருட்டாமல் முழு இரவும் ஓடும்.

அதே ஜிப்சம் ஆளையும் கொல்லும். 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில், ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகமான மழை சில நாளில் கொட்டித் தீர்த்தது. கவாஸ் என்ற ஊர் மூழ்கியது. அடியில் ஜிப்சம் இருந்ததால் தண்ணீர் நிலத்தில் இறங்கவே இல்லை, மாதக்கணக்கில் ஏரியாக நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர் போனது. ஆகவே உன் பாலைவனத்தில் வெள்ளத்தையும் வை. மழைக்கு ஏங்கும் ஊரில் மேகம் கறுக்கும்போது கிழவர்கள் முகமும் கறுக்கிறது என்றால் ஆட்டக்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கடீன் என்று ஒரு முறை. பாறைச் சரிவு முடிகிற பள்ளத்தில் நீளமாக மண்கரை போடுவார்கள். வயலைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு பரப்பில் விழுகிற மழை வழிந்து வந்து அந்தக் கரைக்குப் பின்னால் நிற்கும். மழைக்காலம் முழுக்க நின்று நிலத்தில் ஊறும். வடிந்த பிறகு ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அந்த ஈரத்தை நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அப்புறம் ஒரு சொட்டுப் பாசனம் கிடையாது. தை மாதத்தில் ஒரு கடீன் கரைமேல் நடந்துபார்: இடது பக்கம் காய்ந்த கல்லும் முள்ளும், வலது பக்கம் இடுப்பளவுக் கோதுமை. முதல்முறை பார்க்கும்போது பணம் போட்டுக் குழாய் இழுத்திருக்கிறார்கள் என்றே நினைக்கத் தோன்றும். எல்லாம் ஒரு மண்கரை செய்த வேலை.

இதில் வல்லவர்கள் பாலிவால் பிராமணர்கள். 15ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே ஜெய்சல்மேர் பகுதியில் கடீன் போட்டவர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 84 கிராமங்களைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பது அந்த ஊர் வழக்கு. குல்தரா அவற்றில் ஒன்று, கூரையில்லாத கல்வீடுகள் தெருத்தெருவாக இன்றும் நிற்கின்றன. கொடிய திவான் ஒருவன் ஒரு பெண்ணுக்கு ஆசைப்பட்டதால் ஒரே இரவில் கிளம்பினார்கள், போகும்போது சாபம் விட்டார்கள் என்று சொல்வார்கள். வரி தாங்காமல், கிணறு வற்றிப்போய்க் கொஞ்சங்கொஞ்சமாக நகர்ந்தார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. உன் புதைந்த கோயிலைத் தூக்கிவிட்டு இப்படி ஓர் ஊரை வை. ஊர்க்காரர்கள் சாபக்கதை சொல்லட்டும். ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு கிணறாக எட்டிப்பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்கட்டும்.

மற்ற உணவு: மழைக்குக் கம்பு, நரிப்பயறு, கொத்தவரை. ஆட்டுப்பால், மோர். நம் ஊர் வன்னிமரம்தான் அங்கே உயிர்மரம், கேஜ்ரி என்பார்கள். இலை ஆடு, ஒட்டகத்துக்குத் தீவனம். காயைக் காயவைத்து ஆண்டு முழுக்கக் கறி வைப்பார்கள். இந்த மரத்துக்காக 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். சுண்ணாம்புச் சூளைக்கு விறகு வெட்ட அரசர் ஆள் அனுப்ப, அமிர்தா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரோடு சேர்த்து 363 பேர் வெட்டப்பட்டதாக அந்தச் சமூகம் நினைவில் வைத்திருக்கிறது. மரம் வெட்டினால் ஒரு ஊரே எதிர்த்து நிற்கும் உலகத்தில், இரவு குளிருக்கு "விறகு வெட்டித் தீ மூட்டுகிறோம்" என்று உன் ஆட்டக்காரன் சொல்லும்போது மேசையில் என்ன நடக்கும் பார்.

பயத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பீவ்ணா என்று ஒரு பாம்பு உண்டு என்பார்கள். தூங்குகிறவன் மார்பில் ஏறி மூச்சைக் குடித்துவிட்டுப் போகுமாம். காலையில் ஆள் பிணம், உடம்பில் காயமே இருக்காது. உண்மையில் அது கட்டுவிரியன் வகை. ராத்திரியில்தான் நடமாடும், கடித்த இடம் வலிக்காது, அடையாளமும் தெரியாது. எங்கள் தளத்தில் தரையில் படுக்க ஒருவரும் துணிய மாட்டார்கள், கயிற்றுக் கட்டில்தான். உன் ராட்சதத் தேளைவிட, கட்டில் இல்லாத ஒரு சத்திரம் அதிகம் பயமுறுத்தும்.

பகடைபாலா:

அண்ணா, மிக்க நன்றி. ஊர்க்கூட்டம் கண்டிப்பாக வருகிறது. இரண்டு சந்தேகம். பேரியிலும் கடீனிலும் ஒரு கிராமம் பிழைக்கும், சரி. இருபதாயிரம் பேர் நகரம் பிழைக்குமா? அப்புறம், பயணத்தில் தண்ணீரை எப்படிக் கணக்கு வைப்பது? ஒரு மிடறு, ஒரு குடுவை என்று எழுதிக்கொண்டிருந்தால் என் பசங்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

நிஸ்வாவாசி:

நகரத்துக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். ஓமானில் நிஸ்வாவில் வேலை பார்க்கிறேன். ஊருக்குள் ஃபலஜ் தாரிஸ் என்ற பழைய வாய்க்கால் ஓடுகிறது, வெள்ளிக்கிழமைகளில் அதன் கரையில் போய் உட்காருவது வழக்கம். மலையடிவாரத்தில் நிலத்தடி நீரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மெல்லிய சரிவில் சுரங்கம் வெட்டி, கிலோமீட்டர் கணக்கில் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். பம்பு கிடையாது. ஈரானில் இதையே கனாத் என்கிறார்கள். ஓமானின் ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, தாரிஸ் அவற்றில் ஒன்று.

உங்கள் கதைக்குப் பயன்படுவது பங்கீடுதான். தண்ணீர் ஊருக்குள் நுழையும் இடத்தில் குடிக்க மட்டும் எடுக்க வேண்டும். அதற்குக் கீழேதான் குளியல், துவையல், அதன் பிறகு பேரீச்சந்தோப்பு. ஆக ஒருவர் வீடு வாய்க்காலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர் குடும்பம் எவ்வளவு பழையது என்று ஊகிக்கலாம். வெண்கோட்டையில் இதைச் சட்டமாகவே வைத்துவிடுங்கள். தோட்டத்துக்கான நீரை நேரமாகப் பிரிக்கிறார்கள். அதர் என்பது ஏறக்குறைய அரைமணி நேரம். பகலில் நட்ட கம்பின் நிழலைப் பார்த்து, இரவில் குறிப்பிட்ட நட்சத்திரங்கள் எழுவதையும் மறைவதையும் பார்த்து மடையைத் திருப்புவார்கள். இப்போது பெரும்பாலும் கைக்கடிகாரம் வந்துவிட்டது. சில பங்குகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் சுரங்கத்தைப் பழுது பார்ப்பார்கள்.

அரைமணி நேரத் தண்ணீரைத் திருடுவது எப்படி என்று யோசித்துப்பாருங்கள். நட்சத்திரம் பார்க்கிறவருக்கு லஞ்சம் கொடுக்க வேண்டும், அல்லது சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். துப்பறியும் கதை கையில் இருக்கிறது.

காற்றாலைக்காரர்:

நிஸ்வாக்காரர் அருமையாகச் சொன்னார். நகரம் எழ இன்னொரு காரணம் வணிகப் பாதை. ஜெய்சல்மேர் 1156இல் எழுந்தது. சிந்துவுக்கும் குஜராத், தில்லிக்கும் நடுவில் ஒட்டகச் சாத்துகள் போன வழியில் நின்றுகொண்டு வரி வாங்கிய ஊர் அது. வணிகர்கள் கட்டிய ஹவேலி மாளிகைகளைப் பார்த்தால் எவ்வளவு பணம் புரண்டது என்று தெரியும். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து சரக்கெல்லாம் கடலுக்குப் போனதும் ஊர் மங்கியது; 1947இல் எல்லைக்கோடு விழுந்ததும் பழைய வழியே அடைபட்டது. ஒரு நகரம் ஏன் அங்கே இருக்கிறது என்பதோடு, அது எப்போது இல்லாமல் போகும் என்பதையும் சேர்த்து எழுதிவை. வெண்கோட்டைக்குத் தெற்கே எங்கோ ஒருவன் புதுத் துறைமுகம் கட்டுகிறான் என்ற செய்தி ஆட்டத்தில் காதில் விழட்டும்.

பயணத்துக்கு மட்டும் தாரை விட்டுவிட்டு சகாராவுக்குப் போகலாம். 1352இல் இப்னு பதூதா என்ற மொராக்கோ பயணி, சகாராவின் வடக்கு விளிம்பிலிருந்த சிஜில்மாசாவிலிருந்து ஒரு வணிகக் கூட்டத்தோடு கிளம்பினார். 25 நாள் கழித்து தகாஸா வந்தது, உப்புச் சுரங்க ஊர். வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளத்தால் கட்டியவை, கூரை ஒட்டகத்தோல். மரமே கிடையாது, தண்ணீர் உவர்ப்பு, ஈ மொய்க்கும். உப்பு வெட்டுகிறவர்கள் மசூஃபா இனத்தாரின் அடிமைகள். பேரீச்சை வடக்கிலிருந்து வர வேண்டும், தானியம் தெற்கிலிருந்து வர வேண்டும். ஏன் அங்கே ஊர்? ஒரு ஒட்டகச் சுமை உப்பு, பாலைவனத்தின் தெற்கு விளிம்பிலிருந்த வலாதாவில் எட்டிலிருந்து பத்து மித்கால் (அந்தக் காலப் பொன் எடை) பொன்னுக்குப் போனது. மாலி தலைநகரில் இருபது முப்பது, சில சமயம் நாற்பது. பாலா, உன் நண்பன் கேட்ட கேள்விக்கு இந்த விலைப்பட்டியலே பதில்.

அங்கிருந்து வலாதா போகும் வழியில் தக்ஷீஃப் என்று ஒருவரை வாடகைக்கு அமர்த்துவார்கள். அவர் கூட்டத்தை விட்டுத் தனியாக முன்னால் போய், வலாதாவில் இருக்கும் கூட்டாளிகளிடம் கடிதம் கொடுப்பார். அவர்கள் நாலு ராத்திரி தூரம் எதிரே வந்து தண்ணீர் கொடுப்பார்கள். வழியில் தக்ஷீஃப் செத்தால் வலாதாவில் ஒருவருக்கும் தெரியாது, கூட்டத்தில் பெரும்பாலோர் செத்துப்போவார்கள். தனியாகப் போகிறவரைப் பேய்கள் விளையாட்டுக் காட்டி வழி மாற்றிவிடும் என்றும் இப்னு பதூதா எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்துக்கு அவர்கள் கொடுத்த கூலி நூறு மித்கால் பொன். வழிகாட்டிக்கு ஒரு கண் குருடு, இன்னொன்றில் நோய், ஆனாலும் அவரைவிட வழி தெரிந்தவர் இல்லை.

இதைவிட நல்ல சாகசம் நாம் உட்கார்ந்து யோசித்தாலும் வராது. உன் நாலு பேரில் ஒருவன் தக்ஷீஃப். மற்ற மூவர் கூட்டத்தோடு பின்னால். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி நடத்து. பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் போனவன் கதி தெரியக் கூடாது.

கணக்குக்கு என் முறை இது. மிடறு வேண்டாம், தோல்பையை எண்ணு. ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு ஒரு பை என்று வைத்துக்கொள், பகலில் நடந்தால் இரண்டு. அதற்காகவே எல்லோரும் இரவில் நடக்கத் தொடங்குவார்கள். அப்புறம் வரைபடத்தில் கிணறுகளை மட்டும் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுவையை எழுது: இனிப்பு, உவர்ப்பு, ஒட்டகம் மட்டும் குடிக்கும். ஒட்டகத்துக்கு நம்மைவிட உப்புநீர் தாங்கும். கிணற்றைக் கண்டால் கால் மணி நேரத்தில் 100 லிட்டர் உறிஞ்சிவிடும், அதனால் சின்னக் கிணறாக இருந்தால் முதலில் யாருக்கு என்ற சண்டை உறுதி. ஆட்டக்காரர்கள் எடுக்க வேண்டிய முடிவு இவ்வளவுதான்: பக்கத்தில் இருக்கிற உவர்ப்புக் கிணற்றுக்கா, தூரத்தில் இருக்கிற இனிப்புக் கிணற்றுக்கா. டைஸ் அதற்குப் பிறகு.

பகடைபாலா:

இப்படி எடுத்துக்கொள்கிறேன்: வெண்கோட்டை, மலையடிவாரச் சுரங்கத்தில் பிழைக்கும் உப்பு வணிக நகரம். சுற்றிலும் பேரி வைத்திருக்கும் பதினோரு கிராமங்கள். சுரங்க நீர் குறைகிறது, கோட்டைத் தலைவன் கிராமங்களின் ஈரத்தைக் கேட்கிறான். என் ஆட்டக்காரர்கள் இரண்டு தரப்புக்கும் கடிதம் சுமக்கிற தக்ஷீஃப்கள். கடைசியாக ஒரு சந்தேகம்: கொள்ளைக்காரர்கள் கிணற்றில் விஷம் வைக்கிற மாதிரி ஒரு காட்சி வைக்கலாமா? பழைய பாலைத்திணைப் பாட்டில் வருகிற ஆறலைகள்வர், அதாவது வழிப்பறிக்காரர், மாதிரி ஒரு கூட்டம் வேண்டும் என்று ஆசை.

காற்றாலைக்காரர்:

கூட்டம் வை, விஷம் வேண்டாம். அந்தக் கொள்ளைக்காரனும் நாளைக்கு அதே கிணற்றில்தான் குடிக்க வேண்டும். கிணற்றைக் கெடுக்கிறவன் என்று பெயர் எடுத்தவனுக்கு எந்த ஊரிலும் சொம்புத் தண்ணீர் கிடைக்காது. அவர்கள் செய்யக்கூடியது இது: கிணற்றுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டு, கயிற்றையும் வாளியையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் முப்பதடி கீழே கண்ணுக்குத் தெரிகிறது, எடுக்க வழியில்லை. மரியாதையாகப் பேசி, சுமையில் எவ்வளவு என்று பேரம் பேசுவார்கள். உன் பசங்களில் யாராவது சொந்தக் கயிறு கொண்டுவந்திருக்கிறானா, அது எட்டுமா என்று அப்போது கேள். பதினோரு கிராமத்துக்கும் ஓரண் ஒன்றாவது வை, சாமிக்கு விட்ட காடு, உள்ளே ஒரு குச்சிகூட ஒடிக்க மாட்டார்கள். கள்வர்களும் மாட்டார்கள். துரத்தலில் தப்பி ஓடுகிறவர்கள் அங்கே நுழைந்தால் என்ன ஆகும் என்பதை நீயே முடிவுசெய்துகொள்.